விடாத வலியைக் கஷாயம் வைத்துச் சோதிக்காதீர்கள், ஆச்சி

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் மகளுக்கு இப்போது 33 வாரம், இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் சிசேரியன். போன வாரம்தான் பல்லவனில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வந்த இடத்தில் ஒரு கெட்ட செய்தி. அடுத்த தெருவில் ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு மத்தியானம் வயிற்று வலி வந்திருக்கிறது. சூட்டு வலி என்று நினைத்துச் சீரகக் கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். நிற்கவில்லை. அப்படியானால் பிரசவ வலிதான் என்று விளக்கெண்ணெய் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் காலை காய்ச்சலும் நடுக்கமுமாக மதுரைக்குக் கொண்டுபோனால், குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்திருக்கிறது என்று வயிற்றைத் திறந்திருக்கிறார்கள். தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை தக்கவில்லை. என் மாமியார் காலத்திலிருந்து நாங்களும் கஷாயம் கொடுத்துத்தான் வலியைச் சோதித்துப் பார்ப்போம். அதில் என்ன தவறு? பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இப்படி வேறு என்னென்ன வரும்? என் மகளுக்குப் பழைய தையல் வேறு இருக்கிறது. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தால் பிள்ளை தாங்குமா? வீட்டில் நானும் அவரும்தான். இரவில் தூக்கம் வரவில்லை.

பதில்:

அன்புள்ள ஆச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அடுத்த தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்த அந்த வீட்டாரை நீங்கள் பார்க்கப் போனால், எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தெரிந்த விதத்தில் அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் குடல்வால் அழற்சி பெரிய மருத்துவமனைகளிலேயே பிந்திக் கண்டுபிடிக்கப்படும் நோய். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்குத்தான் வரும் என்பதால், நம் ஊர்ப்பக்கம் ஒரு பாட்டி தன் ஆயுளில் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். பார்க்காத ஒன்றை எப்படி எதிர்பார்த்திருப்பார்கள்?

முதலில் கஷாயத்துக்கு வருகிறேன். சீரகக் கஷாயம் விஷம் அல்ல. உங்கள் மாமியார் சொல்லிக்கொடுத்த சோதனைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கொஞ்சம் ஓய்வும் சூடான நீரும் உள்ளே போனால் பொய் வலி அடங்கிவிடும், மெய்யான பிரசவ வலி அடங்காது. இதைப் பல தலைமுறைப் பெண்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள், பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். சிக்கல் எங்கே என்றால், அந்தச் சோதனைக்கு இரண்டே விடைகள்தான் தெரியும். நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி. இரண்டிலும் சேராத மூன்றாவது வலி ஒன்று இருக்கிறது என்பது கஷாயத்துக்குத் தெரியாது. குடல்வால் வலியையும் அது பிரசவ வலி என்றே சொல்லும், குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்து உள்ளே ரத்தம் கொட்டும் வலியையும் அப்படியே சொல்லும். மத்தியானத்திலிருந்து மறுநாள் காலை வரை போன நேரம், அந்தத் தவறான விடையால் போன நேரம்.

ஆகவே உங்கள் மாமியாரின் சோதனைக்குப் பதிலாக நான் ஒன்று சொல்லித் தருகிறேன். அதற்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை, உங்கள் உள்ளங்கை போதும்.

மகளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, மேல்வயிற்றில் தொப்புளுக்குச் சற்று மேலே முழு உள்ளங்கையையும் பதித்து வையுங்கள். விரல் நுனியால் குத்தக்கூடாது. பத்து நிமிடம் கையை எடுக்காமல் உட்காருங்கள். பிரசவ வலியென்றால் வயிறு உங்கள் கைக்குக் கீழே மெல்ல இறுகி, கல்லாகி, முக்கால் நிமிடம் ஒரு நிமிடம் நின்று, பிறகு தளர்ந்து மாவுபோல இளகும். இளகிய நேரத்தில் அவள் முகமும் தெளியும், பேசுவாள், தண்ணீர் கேட்பாள். மறுபடி இறுகும். பிரசவ வலிக்கு அலைபோல ஏற்றமும் இறக்கமும் உண்டு. பெரும்பாலும் இடுப்பில் தொடங்கி முன்னால் வரும். பொய் வலியும் இறுகித்தான் தளரும், ஆனால் ஒழுங்கில்லாமல் வந்து ஓய்ந்துவிடும். கை வைத்திருக்கும் நேரம் முழுவதும் வயிறு தளரவே இல்லை என்றாலோ, வயிறு தளர்ந்த பிறகும் ஓரிடத்தில் வலி அப்படியே நிற்கிறது என்றாலோ அது மூன்றாவது வலி. அதற்குமேல் வீட்டில் சோதனை கிடையாது. புறப்பட வேண்டியதுதான்.

விட்டு விட்டு வருவது பிரசவ வலி, விடாமல் நிற்பது வேறு வலி. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வேறு என்னென்ன வரும் என்று சொல்வதற்கு முன், அவை ஏன் மறைந்து வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். சாதாரணமாக வயிற்றுக்குள் ஓர் உறுப்பு சீழ் பிடித்தால் வயிற்றுச் சதை பலகைபோல விறைத்துக்கொள்ளும். மருத்துவர் கை வைத்ததும் தெரிந்துவிடும். எட்டு, ஒன்பது மாதக் கர்ப்பப்பை அந்தச் சதையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. சீழ் பிடித்த குடல்வால் பின்னால் எங்கோ இருக்க, முன்சதைக்குச் செய்தி போவதில்லை. அதோடு குடல்வாலே தன் இடத்தை விட்டு மேலே தள்ளப்படுகிறது. அடிவயிற்றின் வலப்பக்கம் வர வேண்டிய வலி சிலருக்கு விலாவுக்குக் கீழே வரும், சிலருக்குப் பக்கவாட்டில் வரும். வாந்தியையும் பசியின்மையையும் கர்ப்பத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருப்பதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், கர்ப்பிணிக்கு அவை இயல்பாகவே கூடித்தான் இருக்கும்.

ரத்தப்போக்கிலும் உடம்பு இப்படியே ஏமாற்றும். நிறைமாதத்தில் தாயின் உடம்பில் ஓடும் ரத்தம் வழக்கத்தைவிட நாற்பது, ஐம்பது சதவீதம் அதிகம். பிரசவத்தில் இழப்பதற்காக இயற்கை சேர்த்து வைத்த சேமிப்பு அது. ஆனால் உள்ளே ரத்தம் கசியும்போது அந்தச் சேமிப்பே நம்மை ஏமாற்றுகிறது. கணிசமான ரத்தம் போன பிறகும் பிரஷர் சரியாகவே காட்டும். நாடித்துடிப்பு மட்டும் வேகமாக ஓடும். அதற்குள் உடம்பு கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துத் தாயைக் காப்பாற்றத் தொடங்கியிருக்கும். அதனால்தான் குழந்தையின் அசைவு குறைவது பல சமயம் முதல் எச்சரிக்கையாகிறது. அது தாயின் பிரஷர் விழுவதற்கு முன்பே வந்துவிடும்.

குடல்வாலுக்கு மருந்து அறுவைதான். இங்கே உங்கள் மூன்றாவது கேள்வியையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களை மிகவும் அச்சுறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தைக்கு ஆபத்து அறுவையால் வருவதைவிடத் தாமதத்தால் வருவது பல மடங்கு. குடல்வால் வெடிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் குழந்தையை இழக்கும் ஆபத்து நூற்றுக்கு மூன்று, ஐந்து என்ற அளவில் நிற்கிறது. வெடித்து வயிறு முழுதும் சீழ் பரவிவிட்டால் அது இருபதைத் தாண்டிப் போகிறது. மயக்க மருந்தைப் பற்றிய பயமும் வேண்டாம். இன்று கொடுக்கும் மயக்க மருந்துகளால் எட்டாம் மாதக் குழந்தைக்கு ஊனம் வராது. அதன் உறுப்புகள் எல்லாம் முதல் மூன்று மாதத்திலேயே உருவாகிவிட்டன. தாய்க்குக் கொடுக்கும் மருந்தில் குழந்தையும் சற்றுத் தூங்கும், அவ்வளவுதான். குடல்வாலை எடுத்தால் கூடவே குழந்தையையும் எடுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை நன்றாக இருந்தால் வயிற்றைத் தைத்து மூடிவிட்டு, அதன் நாளில் பிறக்க விடுவோம். முன்கூட்டியே பிறந்துவிடலாம் என்று தோன்றினால், 34 வாரத்துக்கு முன் குழந்தையின் நுரையீரல் பலப்பட ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அந்த ஊசிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும், அதனாலும் சீக்கிரம் வர வேண்டும்.

ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சே கிடையாது. வேறு வழியில்லாமல் சி.டி. எடுக்க நேர்ந்தால்கூட, ஒருமுறை எடுப்பதில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு, ஊனம் உண்டாக்கும் என்று கருதப்படும் அளவுக்குக் கீழேதான் இருக்கும். உயிருக்குப் போராடும் ஒரு பெண்ணின் கணவர் ஸ்கேன் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இந்தப் பேச்சை இப்போதே, எல்லோரும் நிதானமாக இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். மருமகனையும் போனில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அடுத்து, குடல்வாலைவிட அடிக்கடி நாங்கள் பார்க்கும் ஒன்று. வலது விலா எலும்புக்குக் கீழேயும் நெஞ்சுக்குழியிலும் வரும் வலி.

நான் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் மாலை நேரப் பணியில் இருந்தேன். 36 வாரக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் தாய் அழைத்து வந்தார். மத்தியானம் உறவினர் வீட்டுச் சாந்திக் கல்யாணத்தில் விருந்து. பணியாரமும் வடையும் சாப்பிட்டதிலிருந்து நெஞ்சுக்குழியில் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றாள். நாடி பார்த்தேன். பிரஷர் 140-க்கு 90. விருந்துச் சாப்பாடு, எண்ணெய்ப் பலகாரம், வாயு என்று நானே முடிவு கட்டி, அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குத் திரும்பி வந்தாள். வாந்தி நிற்கவில்லை, கண் மங்குகிறது என்றாள். பிரஷர் 170-க்கு 110. ஊசி போட நர்ஸ் அவள் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன்: வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் இறுகிச் சதைக்குள் பதிந்திருந்தன. ஒரு விரல் நுழைய இடமில்லை. மாலையில் நான் நாடி பிடித்தது அதே கையைத்தான். அந்த வீக்கம் அப்போதும் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. சிறுநீரில் புரதம் நிறைய இருந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் கொடுத்து, ரத்தமும் தட்டணுவும் ஏற்றி, குழந்தையை எடுத்தோம். இருவரும் பிழைத்தார்கள். அன்றிலிருந்து கடைசி மூன்று மாதத்தில் நெஞ்சுக்குழி வலி என்று யார் வந்தாலும், பிரஷரும் சிறுநீரும் ரத்தமும் பார்க்காமல் வாயு என்ற சொல்லை நான் சொல்வதில்லை.

அவளுக்கு வந்ததற்கு ஹெல்ப் சின்ட்ரோம் என்று பெயர். 1982-இல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர். சிவப்பணுக்கள் உடைவது, கல்லீரல் பாதிப்பது, தட்டணு குறைவது ஆகிய மூன்றும் ஒன்றாக வரும். கர்ப்ப காலப் பிரஷரின் முற்றிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிலருக்குப் பிரஷர் பெரிதாக ஏறாமலேயும் வந்துவிடும். அந்த வலி கல்லீரல் வீங்கி அதன் மேலுறை இழுபடும் வலி. மிக அரிதாக உறைக்கு அடியில் ரத்தம் கட்டி, கல்லீரலே கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். இன்னும் அரிதாக, ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு, கடைசி மாதங்களில் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது செயலிழக்கத் தொடங்கும். ஓயாத வாந்தி, தாகம், களைப்பு, பிறகு கண்ணில் மஞ்சள். நம் பக்கத்தில் இதை மஞ்சள் காமாலை என்று நினைத்து நாட்டு மருந்து கொடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். கர்ப்பிணிக்குக் கடைசி மாதத்தில் கண் மஞ்சளித்தால் மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது. இந்த இரண்டு நோய்க்கும் முடிவு குழந்தையைப் பிறக்க வைப்பதில்தான் இருக்கிறது. ஓமத் தண்ணீரும் சுக்குக் கஷாயமும் அந்தப் பிரசவத்தைத் தள்ளிப்போடத்தான் உதவும்.

நஞ்சு முன்கூட்டியே பிரிவது நூறு பிரசவத்தில் ஒன்றில் நடக்கிறது. குழந்தை பிறந்த பிறகு பிரிய வேண்டிய நஞ்சு, குழந்தை உள்ளே இருக்கும்போதே கர்ப்பப்பைச் சுவரிலிருந்து கழன்றுகொள்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்கு வரும். படியில் விழுந்தாலும், இரு சக்கர வண்டியில் அடிபட்டாலும் வரும். முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். வெளியே ரத்தம் பட்டால் எல்லோரும் பதறி ஓடி வந்துவிடுகிறார்கள். ஆபத்து, ரத்தம் வெளியே வராமல் நஞ்சுக்குப் பின்னால் தேங்கும்போதுதான். துணியில் ஒரு சொட்டுக்கூட இருக்காது, வயிறு மட்டும் அம்மிக்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கை வைத்தால் அவள் தாங்கமாட்டாள், குழந்தை அசைவு தெரியாது. உள்ளங்கைச் சோதனையில் தளராத வயிறு என்று சொன்னேனே, அது பெரும்பாலும் இதுதான். இங்கே எங்களுக்குக் கிடைப்பது மணிக்கணக்கு அல்ல, நிமிடக்கணக்கு. நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது என்று சொன்னால் உங்களுக்கே புரியும். அவளுக்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள், தனி ஊசி ஒன்று போட வேண்டியிருக்கும்.

உங்கள் மகளின் பழைய தையலைப் பற்றி உங்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளே கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்பதுதான் கணக்கு. பெரும்பாலோருக்குக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருப்பார்கள். அந்தத் தழும்பு கெட்டியானது. அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயன்றாலும் ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத்தான் அது பிரியும். பிரசவ வலியே வராத நிலையில் அதைவிடவும் அரிது. ஆகவே இரவு தூக்கம் கெடும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் சில பெண்களுக்கு, குழந்தை மிகவும் குறை மாதமாக இருந்தாலோ குறுக்காகக் கிடந்தாலோ, மேல்பகுதியில் நெடுக்காக வெட்ட நேர்ந்திருக்கும். அந்தத் தையல் வலி தொடங்குவதற்கு முன்பே விட்டுவிடக்கூடியது. அப்படிப்பட்டவர்களை வலி வரும்வரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. முன்கூட்டியே நாள் குறித்து அறுவை செய்வோம். கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க அறுவை செய்துகொண்டவர்களும் இதையே கவனிக்க வேண்டும்.

தையல் விடும்போது என்ன தெரியும் என்றால், அடிவயிற்றில் தழும்பை ஒட்டி விடாத வலி, தொட்டால் கூசும். சிலர் உள்ளே ஏதோ கிழிந்தது போலிருந்தது என்பார்கள். விட்டு விட்டு வந்துகொண்டிருந்த பிரசவ வலி சட்டென்று நின்றுபோவதும் உண்டு. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோள்பட்டையில் வலி வருவதும் உண்டு. வயிற்றில் நடப்பதற்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தொட்டால் அங்குள்ள நரம்பு வலியைத் தோளில் கொண்டுபோய்க் காட்டும். தையல் உள்ள பெண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. அது குடலை மட்டும் கலக்காது, கர்ப்பப்பையையும் கிளறிச் சுருங்க வைக்கும். குடல்வால் வீங்கியிருந்தாலும் குடல் அடைபட்டிருந்தாலும் விளக்கெண்ணெய் இன்னும் கெடுக்கும். இதை அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லுங்கள், ஆச்சி.

மீதமுள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு வயிற்றில் அறுவை நடந்தவர்களுக்கு உள்ளே ஒட்டிக்கொண்ட இடத்தில் குடல் சிக்கி முறுக்கிக்கொள்ளலாம். வயிறு உப்பும், காற்றுப் பிரியாது, வாந்தி பச்சையாக வரும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் வரலாம். வேர்த்துக் கொட்டும் நம் வறண்ட சீமையில் சிறுநீரகக் கல் வலியும் அபூர்வமல்ல. அது முதுகுப் பக்கத்திலிருந்து இறங்கி வரும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. மிக மிக அரிதாக மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் உள்ள புடைப்பு கடைசி மாதங்களில் வெடிப்பதுண்டு. இடது விலாவுக்குக் கீழே திடீரென்று பிளக்கும் வலி, உடனே மயக்கம். இவற்றின் பெயர்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது என்றதும் உங்கள் வீடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நேரில் பார்த்ததில்லை, ஆனால் அந்த வீடுகள் எனக்குத் தெரியும். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்) தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு தெருவைக் கடந்த மாதிரி இருக்கும். கல்யாணம் காரியம் என்றால் நூறு பேர் படுத்தெழுந்த வீட்டில் இப்போது நீங்கள் இருவர். உள்கட்டில் ஒரு பெண் வலியில் முனகினால் முகப்பில் படுத்திருப்பவருக்குக் கேட்காது. போன வருடம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பின்கட்டுக் குளியலறையில் மயங்கிக் கிடந்தவளை அவள் தாய் தற்செயலாகத்தான் பார்த்திருக்கிறார். ஆகவே இன்றிரவே மகளின் படுக்கையை வளவின் பக்கத்து அறைக்கு மாற்றி, நீங்களும் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். அவள் கைக்கு எட்டும் இடத்தில் போன் இருக்கட்டும். குளியலறைக்கு உள்ளே தாழ் போட வேண்டாம். முகப்புக் கதவின் பெரிய சாவி எங்கே தொங்குகிறது என்பது மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-லிருந்து ஓடுகிறது, இரவும் வரும். ஆனால் நம் ஊர்த் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஒவ்வொரு வீடும் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். புதிதாக வரும் டிரைவர் பின்வாசலில் வந்து நின்றுகொண்டு ஹாரன் அடிப்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஊருணிக்கு எந்தப் பக்கம், கோயிலிலிருந்து எத்தனையாவது வீடு, வாசல் எந்தத் தெருவில் என்பதை ஒரு தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே வாயில் வராது. யாரையாவது விளக்கைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்கே போவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் மாதாந்திரப் பரிசோதனைக்கு அருமையான இடம். விடாத வலிக்கு, இரவிலும் அறுவை அரங்கும், மயக்க மருந்து மருத்துவரும், ரத்தமும், குறை மாதக் குழந்தையைப் பார்க்கும் வசதியும் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். அரசில் இதற்கென்றே இருக்கும் பிரிவைச் சீமாங்க் மையம் என்பார்கள். காரைக்குடியில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, சிவகங்கையில் 2012-லிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மதுரைக்கு எப்படிப் போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தப் பயணம் நீளம். முதலில் பக்கத்து இடத்தில் ஊசி, மருந்து, ரத்தம் என்று நிலைப்படுத்திக்கொண்டு, அவர்கள் அனுப்பினால் அதற்குப் பிறகு மதுரை. நல்ல நேரம் பார்த்துச் சிசேரியன் வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன், எத்தனையோ வீட்டுக்கு நானே ராகு காலம் விட்டு நேரம் ஒதுக்கியிருக்கிறேன். ஆனால் விடாத வலியோடு ஒரு பெண் கிடக்கும்போது பஞ்சாங்கத்தை எடுக்காதீர்கள்.

புறப்படும்போது வண்டியில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் கனத்த கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, இருக்கிற பிரஷரையும் இறக்கிவிடும். கஞ்சியோ பாலோ கொடுக்காதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது புரையேறி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. வாய் உலர்ந்தால் நனைத்துக்கொள்ள ஒரு மடக்குத் தண்ணீர் போதும். மருந்துக்கடையில் கேட்டு வலி ஊசியோ வலி மாத்திரையோ போட வேண்டாம். அவற்றில் சில, கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கிவிடக்கூடியவை. எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, கடைசியாக எப்போது குழந்தை அசைந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்ற மூன்றையும் வண்டியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.

தாய் சேய் நல அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பீர்கள் என்று தெரியும். அதோடு இன்னொரு காகிதம் வேண்டும். முதல் பிரசவத்தில் சென்னை மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. கர்ப்பப்பையில் எங்கே, எப்படி வெட்டினார்கள் என்பது அதில் ஒரு வரியில் எழுதியிருக்கும். அந்த வரியைப் பார்த்துத்தான் உங்கள் மகளை எந்த வாரம்வரை வீட்டில் வைத்திருக்கலாம் என்று இங்குள்ள மருத்துவர் சொல்ல முடியும். அது சென்னை வீட்டு அலமாரியில் இருந்தால், இன்றே மருமகனைத் தேடி எடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து நகல் கேட்டு வாங்கலாம், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும்.